மாப்பிள்ளை நம்பரையே போடுங்க

போன ஞாயிற்றுக்கிழமை, வாலாஜாபாத்தில் ஒரு தெருவில் சும்மா நின்றிருந்த கார் திடீரென்று கத்த ஆரம்பித்தது.

உள்ளே யாரும் இல்லை. கதவு பூட்டியிருந்தது. சாவி எங்களிடம் இருந்தது. நாங்களோ எதிர் வீட்டு மாடியில், சமையலறைக் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் முதலில் அதைத்தானே பார்ப்போம்?

நாங்கள் என்றால் மூன்று பேர். நான். படப்பையில் என் பக்கத்துத் தெருக்காரர் ஏகாம்பரம். அவர் மகள் சுகன்யா. ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப் போகும் வேன் வைத்திருக்கிறார் ஏகாம்பரம். வண்டியின் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுகிற மனிதர். அன்றைக்கு அவருக்கும் விளங்கவில்லை.

இறங்கி வருவதற்குள் ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"இன்னாபா, வண்டி தானா கத்திக்கினு கீது?" – டீக்கடைக்காரர்.

"எலி புந்திருக்கும். ஒயரக் கடிச்சிருக்கும்."

"எலி ஆரன் அடிக்குமாய்யா?"

"இப்ப வர்ற வண்டிங்க வெயிலு தாங்காதுபா. செல்போன் மாதிரிதான். சூடாயிடிச்சுன்னா உளறும்."

கடைசியாகச் சொன்னவரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. சூடானால் உளறும்! எத்தனை பேருக்குப் பொருந்துகிறது பாருங்கள். சிரித்தேன். ஏகாம்பரமும் சிரித்தார்.

சுகன்யா சிரிக்கவில்லை. சாவியை எடுத்து அழுத்தினாள். சத்தம் நின்றது. கையை எடுத்ததும் மறுபடி கத்தியது. முன் விளக்கு இரண்டும் கண்ணடித்தன. அவள் முகத்தைப் பார்த்தேன். என் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவளுக்குப் புரிந்துவிட்டது.

அப்போதுதான் ஏகாம்பரத்தின் போன் அடித்தது. வேன் ஓட்டுகிற பழக்கம் – எந்த போன் வந்தாலும் ஸ்பீக்கரில்தான் போடுவார்.

"மாமா, நல்லாருக்கீங்களா? வாலாஜாபாத் போயிருக்கீங்க போல... சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன்ல?"

மாப்பிள்ளை.

ஏகாம்பரம் மாடியை நிமிர்ந்து பார்த்தார்.

"வீடு நல்லாத்தான் மாமா இருக்கு. பச்ச கலர் கேட்டு. பக்கத்துல தண்ணி டேங்க். சுகன்யா எதுக்கு சாவிய அமுக்கிக்கிட்டே நிக்கிறா? பக்கத்துல அந்த எழுத்தாளர் சாரும் நிக்கிறாரே. வணக்கம் சொன்னேன்னு சொல்லுங்க."

தெருவின் இரண்டு முனையையும் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அவன் ஸ்ரீபெரும்புதூரில் தன் வீட்டில் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது கார். ரிவர்ஸ் எடுக்கும்போது எதிலும் இடிக்காமல் இருக்க நாலு பக்கமும் கேமரா வைத்திருக்கிறார்களே... அந்தக் கேமராவால். அது பார்ப்பது அவன் போனில் தெரிந்தது; காரைக் கத்த வைத்ததும் அதே போன்தான்.

காருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டேன். வெட்கமாக இருந்தது. ஒரு கார் முன்னால் வெட்கப்படுவேன் என்று நினைத்ததே இல்லை.

மாப்பிள்ளைக்குப் பெயர் உண்டு. எழுதப்போவதில்லை. எங்கள் பக்கம் மாப்பிள்ளை என்பது பெயரைவிடப் பெரிய பதவி. சொல்லப்போனால், இந்தக் கஷ்டமே அந்தப் பதவியால் வந்ததுதான்.

கல்யாணத்துக்கு மகளுக்குக் கார் கொடுத்தார் ஏகாம்பரம். ஊரெல்லாம் மாப்பிள்ளை பெயரில் வாங்கிக் கொடுக்க, இவர் மட்டும் பிடிவாதமாக ஆர்.சி.யை மகள் பெயரில் போட்டார். "எம் பொண்ணு ஓட்டினு போவட்டும். ஒருத்தர் தயவுல ஏறி எறங்க வேணாம்" என்றார். எத்தனை பெரிய வார்த்தை! இந்த இதழில் நான் எழுதும் இதே பத்தியில் அப்போது அதைப் பாராட்டி எழுதியதுகூட சிலருக்கு நினைவிருக்கலாம்.

டெலிவரி எடுக்க நானும் போயிருந்தேன். நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம். கண்ணாடியில் சந்தனப் பொட்டு. அட்டையில் செய்த ஆளுயரச் சாவி. அதைப் பிடித்துக்கொண்டு போட்டோ. எல்லாம் முடிந்ததும் ஷோரூம் பையன் டேப்லெட்டை நீட்டினான்.

"சார், ஆப் ஆக்டிவேட் பண்ணணும். பிரைமரி யூசர் யாரு? அவங்க மொபைல் நம்பர் சொல்லுங்க."

"ஒன்பது எட்டு..." என்று சுகன்யா தன் நம்பரை ஆரம்பித்தாள்.

ஏகாம்பரம் மகளின் தோளில் கை வைத்தார். "மாப்பிள்ளை நம்பரையே போடுங்க தம்பி. அதான் மரியாதை."

யாருக்காவது தப்பாகப் பட்டதா? இல்லவே இல்லை. சம்பந்தி வீட்டார் முகம் மலர்ந்தது. ஓ.டி.பி. வந்தது. மாப்பிள்ளை அதைக் கச்சேரிப் பாட்டு மாதிரி ஏற்ற இறக்கத்தோடு வாசித்தான். எல்லோரும் கைதட்டினோம்.

கவனித்தீர்களா? தாம்பாளத்தில் வைத்து சுகன்யா கையில் கொடுத்தது சாவி. சத்தமே இல்லாமல் மாப்பிள்ளை கையில் போனது கார்.

அப்புறம் நடந்ததை நீட்டி முழக்க எனக்கு மனசு வரவில்லை. ஷிப்ட் முடிந்து அவள் எங்கே நின்றாள், எவ்வளவு நேரம் நின்றாள், வழக்கமான ரோட்டை விட்டு ஏன் திரும்பினாள்... வீட்டுக்குள் நுழைவதற்குள் கேள்விகள் தயாராக இருக்கும். முதலில் அதை அக்கறை என்று நினைத்தாளாம். புதிதாகக் கல்யாணம் ஆன யாருக்குத்தான் அப்படித் தோன்றாது? ஒருநாள் கை நீட்டினான். மறுநாளும்.

படப்பைக்குத் திரும்பி வந்துவிட்டாள். காரும் வந்தது. அதற்காக ஒரு பேச்சுவார்த்தை நடந்தது, சம்பந்தி வீட்டு ஹாலில். பெரியவர்கள் வரிசையில் எனக்கும் ஒரு நாற்காலி. காப்பி வந்தது. முறுக்கு வந்தது. இரண்டு சாவிகளும் தட்டில் வந்தன. "ஆப்பையும் எடுத்துடச் சொல்லுங்க" என்றாள் சுகன்யா.

மாப்பிள்ளை மறுப்பே சொல்லவில்லை. போனை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நீட்டினான். ஆப்பின் சின்னப் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தான். 'நீக்கவா?' என்று கேட்டது. நீக்கினான். படம் மறைந்தது.

ஏகாம்பரம் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். அடகு வைத்த மாங்கல்யத்தை மீட்டது மாதிரி ஒரு நிம்மதி அந்த ஹாலில். நாலு பெரிய மனுஷங்க முன்னால் செய்தால் செய்ததுதான், பேச்சு மாறாது – நமக்கு அப்படித்தானே பழக்கம்? போனிலிருந்து படம் போனால் போயிற்று என்று நம்பிவிட்டோம். வீட்டு வாசலில் மாட்டிய பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டால் வீடு கைமாறிவிடுமா? அதை யாரும் கேட்கவில்லை. அந்தப் படத்தை மறுபடி ஏற்றிக்கொள்ள ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம் போதும்.

சுகன்யா எங்களைப் போல் ஏமாளி இல்லை. ஒரகடத்தில் காருக்கு ஸ்கிரீன் செய்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. ஸ்கிரீன் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிப்பதுதான் அவள் தொழில். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, காரின் ஸ்கிரீனில் ரீசெட் போட்டாள். பாட்டு, போன் நம்பர், போன இடம் எல்லாம் அழிந்து, புது வண்டி மாதிரி வணக்கம் சொன்னது.

"நா ஸ்கிரீனத்தான் அங்கிள் அழிச்சேன்" என்றாள் பிறகு. "ஓனர் யாருங்கிறது ஸ்கிரீன்ல இல்ல. கம்பெனி கம்ப்யூட்டர்ல இருக்கு. வண்டி என்னை மறந்துச்சு. அவரை மறக்கல."

படப்பையிலும் நிம்மதி இல்லை. மாப்பிள்ளை தெரு முனையில் பைக்கை நிறுத்திக்கொண்டு நிற்பான். பேச மாட்டான், திட்ட மாட்டான், நிற்பான். நிற்பதற்கு எந்தச் சட்டத்தில் என்ன தண்டனை?

அதனால்தான் வாலாஜாபாத். அங்கே ஸ்டெல்லா டீச்சர் எனக்குப் பழக்கம். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். மாடி காலியாக இருந்தது. வேலைக்குப் போய் வரவும் தோது. அவனுக்குத் தெரியாத ஒரு முகவரி – சுகன்யா கேட்டது அவ்வளவுதான். பங்களா கேட்கவில்லை. ஜீவனாம்சம்கூடக் கேட்கவில்லை. "ஈ காக்காவுக்குத் தெரியாது, நான் பொறுப்பு" என்று நான் வேறு வாய் கொடுத்திருந்தேன்.

அந்த முகவரிக்கு நாங்களே காரில் ஏறிப் போய், வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, கேமராவுக்கு போஸும் கொடுத்தோம்.

மறுபடி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

"கெளம்பலாம்பா" என்றாள் சுகன்யா. ஏகாம்பரம் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். ஆகவில்லை. வண்டி திருட்டுப்போனதாகப் புகார், உதவி மையத்தை அழைக்கவும் என்று ஸ்கிரீனில் வந்தது. திருடர்கள் யார்? நாங்கள்!

அழைத்தோம். அந்தப் பக்கம் தேனாக ஒரு குரல்.

"வணக்கம் மேடம். நீங்க பதிவு செஞ்ச நம்பர்ல இருந்து கூப்பிடணும் மேடம்."

"ஆர்.சி. எம்பேர்ல இருக்குங்க. வண்டி எங்கிட்ட இருக்கு. யாரும் திருடல."

"புரியுது மேடம். பிரைமரி யூசர் வேற ஒருத்தரா இருக்காங்களே."

"அவரை எடுத்துடுங்க."

"கண்டிப்பா மேடம். பிரைமரி யூசர் நம்பருக்கு இப்ப ஒரு ஓ.டி.பி. வரும். அதை வாங்கிச் சொன்னீங்கன்னா ஒடனே மாத்திடலாம். வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

பூட்டு நல்ல பூட்டுதான். ஆனால், வீட்டுக்குள் இருப்பவனை வெளியேற்ற அவனிடமே போய்ச் சாவி வாங்கி வரச் சொல்கிற பூட்டு.

"அவரு இங்க வரக் கெளம்பியிருப்பாரு" என்றாள் சுகன்யா. "அங்கிள், பஸ்ஸுக்குப் போயிடலாம். அப்பா, வாங்க."

ஏகாம்பரம் அசையவில்லை. "வண்டிய நடுத்தெருவுல வுட்டுட்டா? நா வாங்கின வண்டிமா."

"அது நம்ம வண்டி இல்லப்பா. அது அவரோட ஆளு. நம்ம கூட உட்கார்ந்துக்கிட்டு அவருக்குச் சொல்ற ஆளு. விட்டுட்டு வாங்கப்பா."

அவர் வரவில்லை. நானும் சுகன்யாவும் பஸ் ஏறினோம்.

மிச்சத்தை ஏகாம்பரமே சொன்னார், சாயங்காலம்.

மாப்பிள்ளை வந்தானாம். சத்தம் போடவில்லை, சட்டையைப் பிடிக்கவில்லை. கம்பெனிக்கு ஒரு போன் போட்டான். வண்டி திருடு போகவில்லை என்று ஆனது. தன் போனில் தட்டினான். கதவு திறந்தது, ஏ.சி. ஓடியது. முன் கதவைப் பிடித்துக்கொண்டு, "வெயில்ல நிக்காதீங்க மாமா. ஏறுங்க, வீட்ல விட்டுடறேன்" என்றானாம்.

"நீங்க என்ன பண்ணீங்க?"

ஏகாம்பரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஏறிக்கினேன்யா. மாப்பிள்ளை கதவைத் தொறந்து வுட்டுக் கூப்புடுறாரு. ஏறாம எப்டி?"

வாசலில் இறக்கிவிட்டு, ஓட்டி வர வாங்கிய சாவியை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்திருக்கிறான். "வண்டி உங்களுதுதான் மாமா. பத்திரமா இருக்கான்னு நா சும்மா பாத்துக்கறேன்" என்றானாம்.

இதைவிட நாலு கெட்ட வார்த்தை திட்டியிருக்கலாம்.

அடுத்த போன் ஸ்டெல்லா டீச்சரிடமிருந்து. "தம்பி, அந்தப் பொண்ணோட வீட்டுக்காரர் தங்கமா இருக்காரே. கேட்டுக்கு வெளியவே நின்னு மரியாதையா பேசினார். மாமனாரும் அவரும் ஒண்ணா ஏறிப் போனாங்க. குடும்பம்னா ஆயிரம் இருக்கும். நான் தனியா இருக்கறவ. நடுவுல நான் எதுக்குத் தம்பி?"

வீடு போயிற்று. அவனுக்குத் தெரியாத ஒரே முகவரி அது... அவனுக்குத் தெரிந்த முகவரிகளில் ஒன்றாகிவிட்டது.

ஷோரூமுக்குப் போனோம். "பிரைமரி யூசர் ஒரு ரெக்வெஸ்ட் போட்டா போதும் சார்." அவர் போட மாட்டார் என்றோம். "அப்ப ஒரு மெயில் போட்டுடுங்க. மேல அனுப்பறோம்." போட்டோம். மேலேதான் இருக்கிறது.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனோம். அங்கிருந்தவர் கெட்ட மனிதர் இல்லை. உட்காரச் சொன்னார், முழுக்கக் கேட்டார்.

"வண்டி இப்ப எங்கம்மா கீது?"

"வீட்டு வாசல்ல சார்."

"சாவி?"

"எங்கிட்ட."

"அப்பறம் இன்னாமா கம்ப்ளைன்ட்டு?"

அவர் கேட்டதும் நியாயம்தான். என்ன காணவில்லை என்று எழுதுவது? குடியிருக்கலாம் என்று நினைத்த ஒரு வீட்டின் முகவரியைக் காணவில்லை என்றா?

காரை ஹேக் பண்ண முடியுமாமே சார் என்று உங்களில் சிலர் போன மாதம் கேட்டிருந்தீர்கள். எங்கேயோ வெளிநாட்டில், இருட்டு அறையில், தொப்பி போட்ட ஒருவன் உட்கார்ந்து நம் பிரேக்கைப் பிடித்துவிடுவான் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அந்தப் பயம். இருக்கலாம். அந்த மாதிரி ஓட்டைகளும் இருக்கின்றன, அடைத்துக்கொண்டும் இருக்கிறார்கள். ஒரகடத்தில் கம்பெனி கேட்டுக்குள் நுழைந்தால் நம் போன் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறான் செக்யூரிட்டி. உள்ளே இருக்கும் காரை யாரும் படம் எடுத்துவிடக் கூடாதாம். அந்தக் கார் வெளியே வந்து நம்மைப் படம் எடுக்கிறதே... அதற்கு ஸ்டிக்கர் ஒட்டுவது யார்?

சுகன்யாவிடம் கேட்டேன். இவ்வளவு படித்தவர்கள் சேர்ந்து செய்கிறீர்களே, இது ஒருவருக்குமா தோன்றவில்லை?

"வெளிய இருந்து வர்றவனுக்கு ஆயிரம் டெஸ்ட் வெச்சிருக்காங்க அங்கிள். ஓ.டி.பி.ய கரெக்டா சொல்லிட்டு உள்ள வர்றவனுக்கு ஒண்ணுகூட இல்ல. அவன்தானே கஸ்டமர்?"

இரண்டு நாளாக இந்த வாக்கியம் மண்டையை விட்டு இறங்கவில்லை.

இப்போது அவள் படப்பையில் இல்லை. கம்பெனி பஸ்ஸில் வேலைக்கு வருகிறாள், அதுமட்டும் தெரியும். எங்கே ஏறுகிறாள் என்று நான் கேட்கவில்லை. அவன் பஸ்ஸைத் துரத்தி வரலாம். வரட்டும். குறைந்தபட்சம் எழுந்து, சட்டை மாட்டி, வெயிலில் வர வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து விரலால் தட்டி அவளைப் பிடிக்க முடியாது.

பெயர்களை மாற்றிவிட்டேன். வாலாஜாபாத் என்று ஊரை மட்டும் அப்படியே எழுதியிருக்கிறாரே என்று பதறாதீர்கள். அது கைவிட்டுப் போன வீடு. போனதை எழுதினால் யாருக்கும் ஆபத்தில்லை.

நேற்று ஏகாம்பரம் வீட்டுப் பக்கம் போனேன். காரின் முன்பக்கத்தைத் திறந்து வைத்து, ஸ்பேனரும் கையுமாகக் குனிந்திருந்தார். பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்தார். நன்றாக ஓடுகிற வண்டிக்கு பேட்டரி கழற்றுவது அவருக்கு இதுதான் முதல் தடவையாம். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"பொண்ணு எங்க தங்கியிருக்குதுன்னு உனுக்குத் தெரியுமாய்யா?"

"தெரியாது. உங்களுக்கு?"

"எனுக்கும் சொல்லல." பேட்டரியைச் சுவரோரமாக நகர்த்தி வைத்தார். "சொல்லாததும் நல்லதுதான்யா. மாப்பிள்ளை வந்து நின்னு 'எங்க மாமா?'ன்னு கேட்டார்னு வெய்யி... நா சொல்லிடுவேன்."

காருக்காவது பேட்டரி இருக்கிறது, கழற்றி வைத்துவிடலாம்.